பெரிய பூங்காவின் விளையாட்டு வசதிகளை யார் நடத்துவது?

நானூறு, ஐந்நூறு ஏக்கரில் ஒரு நகரப் பூங்கா. உள்ளே கால்பந்து, கிரிக்கெட் மைதானங்கள், டென்னிஸ் கோர்ட், கூடைப்பந்துத் தளம், நீச்சல் குளம், ஓடுபாதை, குழந்தைகள் விளையாடும் இடம், படகுக் குளம் எல்லாம் இருக்கின்றன. பல வருடங்களாகப் பராமரிப்பு சரியில்லை. நகர நிர்வாகம் ஒருநாள் கூடிப் பேசத் தொடங்குகிறது. நாமே நடத்துவதா, தனியாருக்குக் குத்தகைக்கு விடுவதா, ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதா, விளையாடுகிற கிளப்புகளிடமே விட்டுவிடுவதா?

இந்தப் பேச்சு சீக்கிரமே அரசா, தனியாரா என்ற பழைய சண்டையில் போய் விழுந்துவிடும். ஒரு பக்கம் சோம்பேறி ஊழியர் கதைகள், மறுபக்கம் கொள்ளைக் கட்டணக் கதைகள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த வசதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் பேசினால் இரண்டுமே உதவாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பூங்காவுக்கும் ஒரே நிர்வாகி தேவையில்லை. புல் வெட்டுவது யார், டிக்கெட் கொடுப்பது யார் என்பதிலெல்லாம் நகரம் விட்டுக்கொடுக்கலாம். எந்த நேரம் யாருக்கு என்று எழுதுகிற அட்டவணையை மட்டும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்துவிட்டால் நில உரிமை பத்திரத்தில் மட்டும்தான் மிஞ்சும்.

வசதிகள் ஒரே ஜாதி இல்லை

நீச்சல் குளமும் ஐஸ் ஸ்கேட்டிங் தளமும் அடிப்படையில் இயந்திரங்கள். பம்ப், வடிகட்டி, குளோரின் அளவு, குளிரூட்டி, உயிர்காப்பாளர் என்று தினமும் கவனம் கேட்பவை. ஒன்று பழுதானாலும் அன்றைக்கே மூட வேண்டியதுதான். வாசல் ஒன்றே என்பதால் உள்ளே வருபவர்களை எண்ணிக் கட்டணம் வாங்குவது சுலபம்.

புல் மைதானம் உயிருள்ள பொருள். சாதாரண மண்ணில் வளர்ந்த புல்தரை வாரத்துக்கு ஒரு சில ஆட்டங்களைத்தான் தாங்கும். அதற்குமேல் ஆடவிட்டால் கோல் முனையில் முதலில் வழுக்கை விழும், அப்புறம் மண் இறுகும், அதற்கப்புறம் மழை பெய்தால் தண்ணீர் இறங்காது. மழை நின்ற மறுநாள் ஆடும் ஒரே ஒரு ஆட்டம் ஒரு மாத வேலையைக் கெடுத்துவிடும். அதாவது, மைதானத்தை எப்போது திறப்பது என்று தெரிவதைவிட எப்போது மூடுவது என்று தெரிவதுதான் இங்கே முக்கியமான தொழில்திறமை.

டென்னிஸ் கோர்ட்டில் சிக்கல் வேறு. தேய்மானம் குறைவு, ஆனால் நான்கு பேர் ஒரு மணி நேரத்துக்கு ஓர் இடத்தை முழுக்கப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓடுபாதையில் ஆயிரம் பேர் ஓடினாலும் ஒருவர் இன்னொருவரைத் தடுப்பதில்லை. கட்டணம் வாங்கவும் வழியில்லை, வேலிபோட்டு வாங்க முயல்வதும் அபத்தம். குழந்தைகள் ஊஞ்சலுக்கு ஸ்லாட் போடுவதை யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள்.

ஆக, எந்த வசதியைப் பற்றி முடிவெடுத்தாலும் கேட்க வேண்டியவை மூன்று. அது தன் செலவைத் தானே சம்பாதிக்குமா? அதிகம் பயன்படுத்தினால் கெட்டுப்போகுமா? ஒருவர் பயன்படுத்தும்போது மற்றவர் காத்திருக்க வேண்டுமா? இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

நகரமே நடத்துவது

இதன் பெரிய பலம் சாதாரணமானது: யாரும் யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள். கட்டணம் இருந்தாலும் அது சபையில் பேசி முடிவான கட்டணம். குறை இருந்தால் கேட்பதற்கு ஒரு ஆள் உண்டு, அந்த ஆளுக்கு மேலே தேர்தலில் நிற்கிற ஒருவர் உண்டு.

பலவீனம் பணத்தின் பாதையில் இருக்கிறது. கோர்ட்டில் வசூலாகும் பணம் நேராக நகரத்தின் பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். அதே கோர்ட்டின் வலை கிழிந்தால் புது வலை வாங்க மூன்று மேசைகளின் கையெழுத்து வேண்டும். மைதான ஊழியருக்கு, இடம் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் சம்பளம் ஒன்றுதான். அரசு நடத்தினால் சரிவராது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குமுறையைத்தான் திட்டுகிறார்கள். பூங்காவில் வசூலாவதில் ஒரு பங்கு பூங்காவிலேயே தங்கும், சிறு பழுதுகளை அங்கே இருக்கும் மேலாளரே முடிக்கலாம் என்று இரண்டு விதிகளை மாற்றினாலே பாதி நோய் தீர்ந்துவிடும். குத்தகைக்குப் போகும் முன் இதை முயன்று பார்க்காத நிர்வாகம், குத்தகையிலும் அதே குழப்பத்தைத்தான் செய்யும்.

இந்த விவாதத்தில் அடிக்கடி சொல்லப்படும் கதை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் வோல்மன் ரிங்க். பழுதுபார்ப்பதற்காக 1980-ல் மூடப்பட்ட அந்த ஸ்கேட்டிங் தளத்தை நகரம் ஆறு வருடம் இழுத்தடித்தது. 1.2 கோடி டாலருக்கு மேல் கரைந்தும் ஐஸ் உறையவில்லை. 1986-ல் டொனால்ட் டிரம்ப் பொறுப்பேற்று, சுமார் 30 லட்சம் டாலர் வரம்புக்குள், சில மாதங்களில் முடித்துக் கொடுத்தார். தனியார்தான் சரி என்பதற்கு இதைச் சான்றாக எடுத்து வைப்பார்கள்.

கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கும். நகரம் தேர்ந்தெடுத்த ஃப்ரியான் வாயுக் குளிரூட்டும் முறை கசிந்துகொண்டே இருந்தது. பின்னால் வந்தவர்கள் பழைய, நம்பகமான உப்புநீர் முறைக்குத் திரும்பினார்கள். நியூயார்க் மாநிலத்தின் விக்ஸ் சட்டப்படி நகரம் குழாய், மின்சாரம், கட்டடம் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. தனியாருக்கு அந்தக் கட்டு இல்லை. மறுகட்டுமானச் செலவைக் கொடுத்ததும் நகரம்தான். ஆக, கட்டுவதற்கான டெண்டர் முறை கெட்டிருந்தது என்பதற்குத்தான் இது சான்று. தினசரி நடத்துவதை யார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. கட்டுவது, நடத்துவது இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல நகரங்கள் ஒரு கட்டுமானத் தோல்விக்காக இருபது வருடக் குத்தகை எழுதிக் கொடுக்கின்றன.

நகரம் நடத்துவதிலேயே இன்னொரு வகையும் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1883 முதல் பூங்காக்களுக்கென்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தனி வாரியம் இருக்கிறது, வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. சாலைக்கும் சாக்கடைக்கும் போட்டியாகப் பூங்கா கையேந்த வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தையே மாற்றாமல் இதை எங்கும் கொண்டுவர முடியாது என்பதால் இங்கே இதற்குமேல் போகவில்லை.

குத்தகை

குத்தகை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், உள்ளே குறைந்தது மூன்று வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. நிலையான வாடகை கொடுத்துவிட்டு மீதியை நடத்துபவர் எடுத்துக்கொள்வது முதல் வகை. வருமானத்தில் பங்கு கொடுப்பது இரண்டாவது. நகரம் நடத்துபவருக்குச் சம்பளம்போல ஒரு தொகை கொடுத்து வருமானத்தைத் தானே வைத்துக்கொள்வது மூன்றாவது. முதல் வகையில் நஷ்டத்தின் பயம் முழுக்க நடத்துபவர் தலையில். அதனால் கட்டணத்தையும் நேரத்தையும் தன் விருப்பப்படி வைக்க அவர் போராடுவார். மூன்றாவதில் பயம் நகரத்தின் தலையில், கட்டணமும் நகரத்தின் கையில். விளையாட்டு வசதிகளுக்கு மூன்றாவதே பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் வருட முடிவில் நகரத்துக்கு இவ்வளவு கிடைத்தது என்று காட்ட ஆசைப்படும் கணக்குத் துறைகளுக்கு முதல் வகைதான் பிடிக்கும்.

குத்தகையின் காலம் இன்னொரு சிக்கல். மூன்று வருடத்துக்குக் கொடுத்தால் யாரும் புதுப் பம்ப் வாங்க மாட்டார்கள். கடைசி வருடத்தில் பெயின்ட்கூட அடிக்க மாட்டார்கள். இருபது வருடத்துக்குக் கொடுத்தால் முதலீடு வரும், ஆனால் நகரத்தின் தேவை மாறும்போது ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. பெரிய சாமான்களை நகரமே வாங்கிக்கொள்வது, நடத்தும் ஒப்பந்தத்தை ஐந்து முதல் எட்டு வருடத்துக்குள் வைப்பது என்று பிரித்துவிட்டால் இரண்டு பக்கக் கேடும் குறையும்.

பிரிட்டன் இந்த விஷயத்தில் ஒரு நாடளாவிய சோதனையையே நடத்திப் பார்த்திருக்கிறது. 1988-ன் உள்ளாட்சிச் சட்டம், பூங்காப் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளை உள்ளாட்சிகள் கட்டாயமாகப் போட்டி டெண்டருக்கு விட வேண்டும் என்றது. அடுத்த வருடம் விளையாட்டு மையங்களை நடத்துவதும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. 2000-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. செலவு குறைந்த இடங்கள் உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் எழுத முடிவது, வருடத்துக்கு எத்தனை முறை புல் வெட்ட வேண்டும் என்பது போன்ற எண்ணக்கூடிய வேலைகளைத்தான். பூங்காவிலேயே இருந்து, சண்டை போடும் பையன்களை அதட்டி, உடைந்த கேட்டை அன்றே கட்டி வைத்து, எந்த மைதானம் ஈரமாக இருக்கிறது என்று காலால் மிதித்தே சொல்லிவிடும் காவலாளின் வேலையை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியவில்லை. எழுத முடியாததால் அது காணாமல் போனது. லாரியில் வந்து புல் வெட்டிவிட்டுப் போகும் குழுவுக்கு அந்த மைதானத்தின் பெயர்கூடத் தெரியாது.

கட்டணம் பற்றிப் பேசும்போது நடத்துபவர் தனியாரா அரசா என்பதைவிட, வருமான ஆசை யாருக்கு இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. நியூயார்க் நகரப் பூங்காத் துறையே 2011-ல் டென்னிஸ் பருவ அனுமதிச் சீட்டின் விலையை 100 டாலரிலிருந்து 200 டாலருக்கு ஏற்றியது. விற்ற சீட்டுகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. விலை இரட்டிப்பானாலும் வருமானம் இரட்டிப்பாகவில்லை, கோர்ட்டில் ஆள்தான் குறைந்தது. காலியான கோர்ட்டால் நகரத்துக்கு ஒரு லாபமும் இல்லை, ஆனால் டிக்கெட் விலையை மட்டும் பார்க்கும் கணக்கில் அந்த நஷ்டம் தெரியவே தெரியாது.

குத்தகைக்கு விட்டே ஆக வேண்டும் என்றால் ஏலத்தின் கேள்வியை மாற்றலாம். யார் அதிக வாடகை தருவார் என்று கேட்டால், அந்த வாடகையை விளையாட வருபவர்களின் பையிலிருந்துதான் எடுப்பார்கள். வாடகையை நகரமே குறைவாக நிர்ணயித்துவிட்டு, யார் அதிக இலவச நேரமும் குறைந்த கட்டணமும் தருவார் என்று போட்டி வைக்கலாம். டெண்டர் எழுதுபவர்கள் இதை ரசிக்க மாட்டார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பது கஷ்டம் என்பார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது ஓர் எண். எண்களை ஒப்பிடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை.

அறக்கட்டளை

இந்த வழிக்கு உலகறிந்த உதாரணம் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி. எழுபதுகளில் சீரழிந்து கிடந்த 843 ஏக்கர் பூங்காவைக் காப்பாற்ற 1980-ல் அது தொடங்கியது. 1998-ல் நகரத்துடன் முறையான நிர்வாக ஒப்பந்தம் போட்டது. பூங்காவின் செலவில் பெரும்பகுதியை அதுவே திரட்டுகிறது. பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கியது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். பிரிட்டன் இழந்த காவலாள் வேலைக்கு நெருக்கமான ஒன்று இங்கே வேறு உடையில் திரும்பி வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பந்து மைதானங்களுக்கு அனுமதி கொடுப்பது கன்சர்வன்சி இல்லை, நகரப் பூங்காத் துறை. புல்லைப் பார்த்துக்கொள்வது ஒருவர், நேரத்தைப் பங்கிடுவது இன்னொருவர். அட்டவணை நகரத்தின் கையில் என்று நான் சொல்வது இதைத்தான். இந்தப் பிரிவு எப்போதும் சுமுகமாக ஓடுவதில்லை. 2023 செப்டம்பரில் கிரேட் லான் புல்வெளியில் நகர அனுமதியோடு ஒரு பெரிய இசைவிழா நடந்தது. கொட்டும் மழையிலும் நிறுத்தவில்லை. மூன்றில் ஒரு பங்கு புல் நாசமானது. புல்வெளி 2024 ஏப்ரல் வரை மூடப்படும் என்று கன்சர்வன்சி அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, அட்டவணையையும் அறக்கட்டளையிடமே கொடுத்துவிடலாம் என்பது இல்லை. ஈரத் தரையில் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மட்டும் தரையைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்க வேண்டும், அதை மேலே இருக்கும் யாரும் மாற்றக் கூடாது.

அறக்கட்டளையின் உண்மையான பலவீனம் நன்கொடையாளர்களின் ரசனை. தோட்டத்துக்கும் பாலத்துக்கும் நீரூற்றுக்கும் பணம் வரும். கூடைப்பந்துத் தளத்தின் விரிசலுக்கு வராது. கழிப்பறையில் தன் பெயர்ப் பலகையை மாட்டச் சொல்லி எந்தக் கோடீஸ்வரரும் வரிசையில் நிற்பதில்லை. பூங்காவைச் சுற்றிப் பணக்காரர்கள் குடியிருந்தால்தான் இந்த வழியே ஓடும் என்பது இன்னும் பெரிய சிக்கல். அதே நகரத்தின் மறுமூலையில் இருக்கும் பூங்காவுக்கு அறக்கட்டளை வராது, நகரத்தின் கவனமும் போய்விடும்.

இதிலேயே வேறொரு கிளை உண்டு, அது எனக்கு அதிகம் பிடிக்கும். 1993-ல் லண்டனின் கிரீனிச் உள்ளாட்சி, பண நெருக்கடியில் தன் விளையாட்டு மையங்களைக் கைகழுவ வேண்டிய நிலையில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்களே சேர்ந்து கிரீனிச் லெஷர் லிமிடெட் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி நடத்த எடுத்துக்கொண்டார்கள். இன்று அது பிரிட்டனின் பல ஊர்களில் நீச்சல் குளங்களையும் ஜிம்களையும் நடத்துகிறது. ரசனையுள்ள நன்கொடையாளரை நம்பாமல், குளத்தை இயக்கத் தெரிந்தவர்களை நம்பிய ஏற்பாடு. இயந்திரம் சார்ந்த வசதிகளுக்கு இதுபோன்ற அமைப்பு கிடைத்தால் தனியார் குத்தகையைவிட இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கிளப்புகளிடம் விடுவது

மலிவான வழி. கிரிக்கெட் பிட்சை அதில் ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வதுபோல வேறு யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அதிகாலையில் எழுந்து ரோலர் இழுக்க ஒருவர் இருப்பார். அவருக்கு முதுகுவலி வந்தால் மைதானமே படுத்துவிடும் என்பதும் உண்மை.

பெரிய கவலை, உரிமை மெல்ல மெல்ல நழுவுவது. முதலில் கிளப் சனிக்கிழமை ஆடும். பின் சாமான் வைக்க ஒரு கொட்டகை வரும். அதற்கு ஒரு பூட்டு. பிறகு புல்லைக் காப்பாற்ற ஒரு வேலி, வேலிக்கு ஒரு கேட். பத்து வருடத்தில் அந்த மூலை பூங்காவின் பகுதி என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. யாரும் திருடவில்லை, எல்லாம் நல்ல எண்ணத்தில் நடந்ததுதான். இதனோடு சேர்ந்து, போன வருடம் வைத்திருந்தவருக்கே இந்த வருடமும் முன்னுரிமை என்ற வழக்கமும் வந்துவிடும். புதிதாகத் தொடங்கும் பெண்கள் அணிக்கு மாலை நேர ஸ்லாட் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த வழக்கத்தால்தான். நேரடியாக மறுத்தவர் யாரும் இருக்க மாட்டார்.

கிளப்புக்குப் பராமரிப்பைக் கொடுக்கலாம், பதிலுக்குக் குறிப்பிட்ட மணிநேரங்களைக் கொடுக்கலாம். கேட்டின் சாவியைக் கொடுக்கக் கூடாது.

அட்டவணை ஏன் இவ்வளவு முக்கியம்

சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பிளேகிரவுண்ட் சிறிய இடம். அங்கே ஒரு கால்பந்துத் திடல். அக்கம்பக்கத்துப் பையன்கள் அங்கே காலங்காலமாக வந்தவர் வந்தபடி அணி பிரித்து ஆடுவார்கள், தோற்ற அணி வெளியேறும். நகரம் அந்த இடத்தைப் புதுப்பித்து, சில மாலைகளில் பெரியவர்கள் மணிக்கு 27 டாலர் கட்டி முன்பதிவு செய்யலாம் என்று ஏற்பாடு செய்தது. 2014-ல் தொழில்நுட்ப நிறுவன ஊழியர்கள் சிலர் அனுமதிச் சீட்டைக் காட்டி, ஆடிக்கொண்டிருந்த பையன்களை வெளியே போகச் சொன்ன வீடியோ பரவியது. பெரிய கொந்தளிப்பு. நகரம் அந்தத் திடலில் பெரியவர்களுக்கான முன்பதிவை நிறுத்தியது.

இங்கே குத்தகைக்காரர் யாரும் இல்லை. நகரத்தின் திடல், நகரத்தின் ஊழியர், நகரத்தின் சீட்டு. சீட்டு வைத்திருந்தவர்கள்மேல் சட்டப்படி தவறும் இல்லை. ஒரு திடல் எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்காமல் அட்டவணை எழுதப்பட்டது, அவ்வளவுதான். முன்பதிவு இல்லாத நேரத்தை வீணான நேரம் என்று நினைக்கும் மென்பொருள் மனப்பான்மை இதற்குள் இருக்கிறது. யாரிடமும் கேட்காமல் வந்து ஆடலாம் என்ற மணி நேரங்களும் அட்டவணையில் எழுதிவைக்க வேண்டியவை. எழுதாவிட்டால் அவைதான் முதலில் விலைபோகும்.

கட்டணத்துக்கும் எல்லை உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே லிட்டில் ஸ்டோக் பூங்காவில் வாராவாரம் நடந்த பார்க்ரன் ஓட்டத்துக்கு, 2016-ல் அந்தப் பகுதி உள்ளாட்சி கட்டணம் கேட்டது. பாதைத் தேய்மானத்துக்கு ஓடுபவர்களும் பங்கு தரட்டும் என்பது அவர்கள் வாதம். 2004-ல் லண்டனின் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன் இயக்கத்தின் அடிப்படையே இலவசம் என்பது. கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாமல் அங்கே ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். உள்ளாட்சியின் வாதத்தில் நியாயம் துளிகூட இல்லை என்று சொல்ல மாட்டேன், சில நூறு பேர் வாராவாரம் வந்தால் குப்பையும் சேறும் சேரத்தான் செய்யும். ஆனால் எதற்குக் கட்டணம் கேட்கலாம் என்பதற்கு நாம் மேலே கேட்ட மூன்றாவது கேள்வியே போதும். ஓடுபவர் மற்றவரின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதே பூங்காவில் சம்பளத்துக்குப் பயிற்சி நடத்தும் ஒருவர், இருபது பேரோடு ஒரு மூலையைத் தினமும் பிடித்துக்கொண்டால் அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அட்டவணையை நகரம் வைத்துக்கொள்வது என்றால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு குமாஸ்தா என்று அர்த்தமில்லை. பிரிட்டனில் அரசும் டென்னிஸ் சங்கத்தின் அறக்கட்டளையும் சேர்ந்து சுமார் 3 கோடி பவுண்டில் பொதுப் பூங்காக்களின் ஆயிரக்கணக்கான கோர்ட்டுகளைப் புதுப்பித்தன. பல இடங்களில் ஆன்லைனில் பதிவு செய்தால் ஒரு எண் வரும், அதை அழுத்தினால் கேட் திறக்கும். வாசலில் ஆள் தேவையில்லை, பதிவு செய்யாதவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு நகராத பிரச்சினையும் இல்லை. போன் இல்லாதவருக்கும், வயதானவருக்கும், சும்மா வந்து பார்க்கும் சிறுவனுக்கும் அந்தக் கேட் மூடியேதான் இருக்கும் என்பது இதன் மறுபக்கம். அதனால் எல்லாக் கோர்ட்டுக்கும் பூட்டுப் போடாமல், ஒன்றிரண்டையாவது திறந்தே விடுவது நல்லது.

புல்லா, டர்ஃபா

நிர்வாக முறையைப் பற்றிய பேச்சில் இது தனி விஷயம் போலத் தோன்றும். ஆனால் தரை மாறினால் கணக்கே மாறிவிடும். டர்ஃப் எனப்படும் செயற்கைப் புல் வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்குமேல் ஆட்டத்தைத் தாங்கும், விளக்குப் போட்டால் இரவிலும் ஆடலாம். அதாவது இதுவரை செலவு மட்டுமே வைத்த மைதானம் திடீரென்று சம்பாதிக்கத் தொடங்குகிறது. சம்பாதிக்கும் இடத்தைக் குத்தகைக்குக் கேட்க ஆள் வருவார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பீச் ஷாலே மைதானங்களைச் செயற்கைப் புல்லாக்கி உயரமான விளக்குகள் போடும் திட்டம் பல வருடம் வழக்கிலும் போராட்டத்திலும் கிடந்தது. கடைசியில் 2014 நவம்பரில் மக்கள் வாக்களித்துத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், அடுத்த வருடக் கடைசியில் மைதானம் திறந்தது. ஆடும் நேரம் பல மடங்கானது. எதிர்த்தவர்களின் கவலையும் பொய்யில்லை. கடற்கரையை ஒட்டிய இருட்டு போனது. ரப்பர் துகள் நிரப்பிய தரை வெயிலில் கொதிக்கும், அந்தத் துகள்கள் மண்ணிலும் நீரிலும் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த நுண்நெகிழி விதியின்படி அப்படிப்பட்ட துகள்களின் விற்பனை 2031 அக்டோபரோடு அங்கே நின்றுவிடும். இனி போடுபவர்கள் தேங்காய் நார், கார்க் போன்ற மாற்று நிரப்பிகளைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

செலவில் ஒன்று எப்போதும் மறைந்துகொள்ளும். செயற்கைப் புல் விரிப்பின் ஆயுள் ஏறத்தாழ பத்து வருடம். திறப்புவிழா அன்றே அடுத்த விரிப்புக்கான பணத்தை மாதாமாதம் ஒதுக்கத் தொடங்காத நகரம், பத்தாவது வருடம் கிழிந்த விரிப்போடு நிற்கும். அப்போது குத்தகை தவிர வேறு வழியில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். பூங்காவின் ஒரு ஓரத்தில் ஒன்றிரண்டு மைதானத்தை மட்டும் டர்ஃப் ஆக்கி, நெரிசலை அங்கே திருப்பி, மற்ற புல் மைதானங்களுக்கு ஓய்வு கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லாவற்றையும் மாற்றுவதும் எதையும் தொடாமல் இருப்பதும் சுலபமான முடிவுகள், அவ்வளவே.

சரி, எதை யாரிடம் கொடுப்பது

குழந்தைகள் இடம், ஓடுபாதை, உடற்பயிற்சிக் கம்பிகள், திறந்த கூடைப்பந்துத் தளம் இவற்றை நகரமே நடத்த வேண்டும், கட்டணம் கூடாது. சம்பாதிக்காத வசதியைக் குத்தகையில் சேர்த்தால் அது அனாதையாகிவிடும்.

குளம், ஸ்கேட்டிங் தளம், படகு போன்றவற்றை வெளியே கொடுக்கலாம். ஊழியர் அமைப்போ லாப நோக்கற்ற அமைப்போ கிடைத்தால் முதலில் அவர்களுக்கு, இல்லாவிட்டால் தனியாருக்கு. பெரிய இயந்திரங்கள் நகரத்தின் சொத்தாகவே இருக்கட்டும். டென்னிஸை நகரமே ஆன்லைன் பதிவோடு நடத்தலாம். பயிற்சியாளர்களுக்கு மொத்த நேரத்தில் ஒரு வரம்பு வைக்க வேண்டும், இல்லையென்றால் மாலை முழுக்கப் பயிற்சி வகுப்புகளே நிரம்பிவிடும்.

புல் மைதானங்களில்தான் கலப்பு தேவைப்படுகிறது. பராமரிப்பு அறக்கட்டளையிடமோ கிளப்பிடமோ இருக்கலாம். நேரப் பங்கீடு நகரத்திடம். ஈர நாளில் மூடும் முடிவு மைதானப் பொறுப்பாளரிடம். புதிய அணிகளுக்கு ஒவ்வொரு பருவமும் ஒரு பங்கு ஸ்லாட் காலியாக வைக்கப்பட வேண்டும், பதிவு செய்துவிட்டு வராதவரின் அடுத்த பதிவு ரத்தாக வேண்டும். பெரிய விழாக்களுக்கு வருடத்தில் இத்தனை நாள் என்று முன்கூட்டியே எண்ணிக்கை முடிவாக வேண்டும். மெல்பர்னின் ஆல்பர்ட் பார்க்கில் 1996 முதல் நடக்கும் கார்ப் பந்தயம் சில நாட்கள்தான், ஆனால் தடுப்புகளையும் பார்வையாளர் மாடங்களையும் கட்டிப் பிரிக்கும் வாரங்களில் அங்கே ஆடும் அணிகள் இடம் தேட வேண்டியிருக்கிறது. விழா நாள் என்று எண்ணும்போது மேடை கட்டும் நாளையும் பிரிக்கும் நாளையும் புல் தேறும் நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

எந்த ஒப்பந்தமும் போடும் முன் குறைந்தது ஒரு முழு வருடம், எந்த வசதியை எந்த நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். காகிதமும் பென்சிலும் போதும். அந்த எண்ணிக்கை இல்லாமல் பேரம் பேசும் நகரம், எதிரே உட்கார்ந்திருக்கும் நிறுவனம் காட்டும் கணக்கையே நம்ப வேண்டியிருக்கும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தையும் முதலிலேயே எழுதிவிட வேண்டும்: காலம் முடியும்போது முன்பதிவுப் பதிவேடுகளும் பயனர் கணக்குகளும் இயந்திரங்களின் பழுதுக் குறிப்புகளும் எந்த வடிவில், எத்தனை நாளில் நகரத்திடம் திரும்ப வர வேண்டும் என்று. இதை எழுதாமல் விட்டால் பழைய நிறுவனத்தை மாற்ற நினைக்கும் நாளில் யாருக்கு எந்த ஸ்லாட் என்றே தெரியாது, வேறு வழியின்றி அவர்களுக்கே நீட்டிப்புக் கொடுக்க வேண்டியதாகிவிடும்.